விஸ்கி எது? ஒரு கலால் அதிகாரியும் ஒரு லண்டன் வழக்கும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது யாரையும் குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல. குடி குடியைக் கெடுக்கும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நெய் வாங்கினாலும் தேன் வாங்கினாலும் “இது அசல்தானா?” என்று கேட்பது நம் வழக்கம். அதே கேள்வி சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு விஸ்கியைப் பற்றி எழுந்தது. கோர்ட்டுக்குப் போனது, அப்பீலுக்குப் போனது, கடைசியில் ஒரு ராயல் கமிஷன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பழைய படங்களில் வில்லனின் மேஜையில் ஒரு பாட்டில் இருக்கும். வாட் 69. குடிக்காதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும். ஸ்காட்ச் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது மலையடிவாரம், பனிமூட்டம், செம்புப் பாத்திரம், பார்லி. விளம்பரங்களும் அதைத்தான் காட்டுகின்றன. ஆனால் அந்த மாதிரி பாட்டில்களில் இருப்பதில் பாதிக்கு மேல், பொதுவாக 60 முதல் 70 சதவீதம் வரை, அப்படிச் செய்ததே அல்ல. கோதுமையிலோ மக்காச்சோளத்திலோ, பல மாடி உயரமுள்ள இரும்புத் தூண்களில், இரவு பகலாக நிற்காமல் வடித்தது. அதற்குப் பெயர் கிரெய்ன் விஸ்கி. தானிய விஸ்கி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஈடு ஈடாக வடித்த காலம்

பார்லியை நனைத்து முளைகட்டினால் அதற்குள் ஒருவகை நொதிகள் உண்டாகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது அவற்றின் வேலை. முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி லேசாக இனிக்கிறதே, அதே சங்கதிதான். முளைகட்டி உலர்த்திய தானியத்துக்குத்தான் மால்ட் என்று பெயர். மால்ட்டை அரைத்து வெந்நீரில் கலந்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிட்டால் ஊறல். நம் ஊர்ப் போலீஸ் செய்திகளில் வரும் அதே ஊறல்தான். ஊறலைக் காய்ச்சி ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் சாராயம். சித்த வைத்தியர்கள் இப்படி வடிக்கும் கருவியை வாலை என்பார்கள்.

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் இருந்தது செம்பு வாலை. இட்லிப் பானையில் ஈடு ஈடாக எடுப்பது போல, ஒரு முறை ஊறலை ஊற்றிக் காய்ச்ச வேண்டும், வடித்து முடிந்ததும் கசடை இறக்கிக் கழுவ வேண்டும், பிறகு அடுத்த ஈடு. ஒரு முறை வடித்தால் வீரியம் போதாது என்பதால் இரண்டாம் முறையும் வடிப்பார்கள். விறகும் ஆளும் நேரமும் நிறைய ஆகும். ஆனால் பார்லியின் மணம், புகையின் வாசனை எல்லாம் அதில் தங்கும்.

தெற்கே சமவெளிப் பகுதியில் கதை வேறு. அங்கே வடித்தவர்கள் வியாபாரிகள். எடின்பரோவுக்கும் லண்டனுக்கும் மொத்தமாக விற்றவர்கள். அரசாங்கம் 1780-களில் அவர்கள் மீது ஒரு விசித்திரமான வரி போட்டது. எவ்வளவு வடிக்கிறாய் என்று பார்க்காமல், உன் வாலை எத்தனை காலன் கொள்ளும் என்று அளந்து ஆண்டு வரி. வியாபாரி விடுவானா? வாலையைத் தோசைக்கல் போல அகலமாக, ஆழமில்லாமல் கட்டினான். சில ஆண்டுகளிலேயே ஒரு ஈட்டை மூன்று நிமிடத்துக்குள் வடித்து முடிக்கும் அளவுக்கு வேகம் வந்துவிட்டது. சரக்கு தீய்ந்த நாற்றம் அடித்தது. ஆனால் வரி ஒன்றுதான்! இயந்திரத்தின் வடிவத்தை ருசி தீர்மானிக்கவில்லை, வரி தீர்மானித்தது. இந்தக் கதை முழுவதும் அப்படித்தான்.

காஃபி என்று ஒரு கலால்காரர்

ஈடு ஈடாக அல்லாமல் ஒரு பக்கம் ஊறல் போய்க்கொண்டே இருக்க, மறுபக்கம் சாராயம் வந்துகொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? இந்த யோசனைக்கு 1820-களின் இறுதியில் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் ஸ்டைன் காப்புரிமை வாங்கினார். அவருடைய உறவினர் ஜான் ஹெய்க், ஃபைஃப் பகுதியில் கேமரன்பிரிட்ஜ் என்ற இடத்தில் தன் ஆலையில் அந்த வாலையை நிறுவினார். வேலை செய்தது. ஆனால் சிக்கலான கருவி.

அதை எளிதாக்கி, உலகம் முழுவதும் பரவும்படி செய்தவர் ஈனியஸ் காஃபி. நாம் காலையில் குடிக்கும் காபிக்கும் இவருக்கும் சம்பந்தம் கிடையாது. இவர் அயர்லாந்தில் கலால் அதிகாரி. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்களைப் பிடிப்பதுதான் உத்தியோகம். 1810-இல் டோனகல் பகுதியில் ரெய்டுக்குப் போன இடத்தில் ஐம்பது பேர் அளவில் சேர்ந்து அவரை அடித்துப் போட்டார்கள். மண்டையில் எலும்பு முறிந்தது, தொடையில் பயனெட் குத்து. பிழைத்து எழுந்து, மறுபடியும் அதே வேலைக்குப் போனார். 1818-இல் அயர்லாந்து முழுவதற்கும் கலால் துறைத் தலைமை ஆய்வாளர் பதவி வரை உயர்ந்தார். 1824-இல் ராஜினாமா செய்துவிட்டு டப்ளினில் தாமே வடிசாலை நடத்த ஆரம்பித்தார்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் வாலைகளைச் சோதித்தவர். எங்கே ஆவி வீணாகிறது, எங்கே சூடு வீணாகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். 1830-இல் அவருடைய வாலைக்குக் காப்புரிமை கிடைத்தது.

அதன் அமைப்பு இதுதான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உயரமான தூண்கள். முதல் தூணுக்குள் ஓட்டை போட்ட தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக, இட்லித் தட்டுகளை அடுக்கியது போல. மேலிருந்து சூடான ஊறல் தட்டுத் தட்டாக இறங்கும். கீழிருந்து நீராவி ஓட்டைகள் வழியாக ஏறும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, சாராயச் சத்தான ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் இறங்கி வரும் ஊறலில் இருந்து ஆல்கஹாலை நீராவி பறித்துக்கொண்டு மேலே போய்விடும். அடியில் வெறும் கசடுதான் மிஞ்சும்.

அந்த ஆவியை இரண்டாவது தூணின் அடியில் விடுவார்கள். அங்கே அது மேலே ஏற ஏறக் குளிர்ந்து, தண்ணீரும் கனமான எண்ணெய்ப் பொருள்களும் கீழே தங்கிவிட, வீரியமான ஆவி மட்டும் உச்சிக்கு அருகே போய்ச் சேரும். குளிர வைப்பது எது தெரியுமா? புதிதாக வரும் பச்சை ஊறல்! அதை ஒரு குழாயில் அடைத்து, இரண்டாவது தூணுக்குள் வளைந்து வளைந்து இறங்கும்படி விட்டார். ஆவி குளிர்கிறது, அதே சமயம் ஊறல் சூடாகிறது. சூடான ஊறல் முதல் தூணின் உச்சிக்குப் போகிறது. ஒரு அடுப்புச் சூட்டில் இரண்டு வேலை. நம் பாட்டிமார் சோறு வேகும் பானை மேல் இன்னொரு பாத்திரத்தில் தண்ணீர் வைப்பார்களே, அதே சிக்கனம்.

விளைவு, ஒரே ஓட்டத்தில் 94 சதவீதம் வரை ஆல்கஹால். நாள் கணக்கில் நிறுத்தாமல் ஓட்டலாம். முளைகட்டிய பார்லிதான் வேண்டும் என்பதும் இல்லை. முளைகட்டாத கோதுமையோ மக்காச்சோளமோ போதும். அந்த மாவை நன்றாக வேகவைத்துக் கூழாக்கி, அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு மால்ட் சேர்த்தால், அந்த மால்ட்டின் நொதிகளே மொத்தக் கூழையும் சர்க்கரையாக்கிவிடும். 1846-இல் தானிய இறக்குமதித் தடைச் சட்டங்களைப் பிரிட்டன் ரத்து செய்தபோது அமெரிக்க மக்காச்சோளம் மலிவாகக் கப்பலில் வந்து இறங்கியது. தானிய விஸ்கிக்கு அதைவிட நல்ல காலம் வேறில்லை.

வேடிக்கை என்னவென்றால், காஃபியின் சொந்த நாட்டில் பெரிய வடிசாலைக்காரர்கள் அவருடைய வாலையை மதிக்கவில்லை. ருசியில்லாத வெறும் சாராயம் என்று ஒதுக்கினார்கள். ஸ்காட்லாந்தின் சமவெளிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். அப்போது உலகச் சந்தையில் அயர்லாந்து விஸ்கிக்குத்தான் மதிப்பு. ஐம்பது அறுபது ஆண்டுகளில் அந்த நிலைமை தலைகீழானது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்த மறுப்பும் ஒன்று.

கலப்பு பிறக்கிறது

தானிய விஸ்கி மென்மையாக, கிட்டத்தட்ட வாசனை குறைந்து இருக்கும். மால்ட் விஸ்கி மணமாக, ஆனால் கனமாக, சில சமயம் புகையடிக்கும்படி இருக்கும். இங்கிலாந்துக்காரர்களுக்கு அந்தக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் கலந்தால்? எடின்பரோ வியாபாரி ஆண்ட்ரூ அஷர் 1850-களில் வெவ்வேறு வயதுள்ள மால்ட் விஸ்கிகளைக் கலந்து விற்கத் தொடங்கியவர். வரி கட்டும் முன்பே, அரசாங்கப் பூட்டு போட்ட கிடங்கில் வைத்தே மால்ட்டையும் தானியத்தையும் கலந்துகொள்ளலாம் என்று 1860-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அதன் பிறகு கலப்பு விஸ்கி பெரிய தொழிலாகிவிட்டது.

அதே காலகட்டத்தில் பிரான்சில் ஃபிலாக்சரா என்ற பூச்சி திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்று தோட்டம் தோட்டமாக அழித்தது. பிராந்தி கிடைக்காமல் போன ஆங்கிலக் கனவான்கள் ஸ்காட்ச் சோடாவுக்கு மாறினார்கள்.

தானிய வடிசாலைகள் ஆறு சேர்ந்து 1877-இல் டிஸ்டில்லர்ஸ் கம்பெனி என்ற பெரிய நிறுவனமாயின. அவர்கள் வைத்ததே விலை என்றாகிவிடக்கூடாது என்று பயந்த கலப்பு வியாபாரிகள் 1885-இல் தங்களுக்கென்று எடின்பரோவில் நார்த் பிரிட்டிஷ் என்ற தானிய வடிசாலையைத் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் அஷர் ஒருவர், வில்லியம் சாண்டர்சன் இன்னொருவர். இந்தச் சாண்டர்சன்தான் 1882-இல் ஏறக்குறைய நூறு கலவைகளைத் தயாரித்து, நண்பர்களைக் கூப்பிட்டுச் சுவைக்கச் சொல்லி, 69-ஆம் எண் தொட்டியில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தவர். நம் சினிமா வில்லனின் பாட்டிலுக்குப் பெயர் வந்த கதை அது.

எல்லாரும் சாண்டர்சன் போல இல்லை. பாட்டிசன் சகோதரர்கள் என்று இருவர், கலப்பு வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தார்கள். விளம்பரத்துக்காகத் தங்கள் விஸ்கியின் பெயரைச் சொல்லப் பழக்கிய 500 கிளிகளை மதுக்கடைகளுக்கு அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். 1898-இல் கம்பெனி திவாலானது. கணக்கைத் தோண்டியபோது, மலிவான தானிய விஸ்கியில் கொஞ்சம் மால்ட்டைத் தெளித்து உயர்ந்த ரக கிளென்லிவெட் என்று விற்றதும் வெளிவந்தது. 1901-இல் மோசடிக் குற்றத்துக்காக இருவரும் சிறைக்குப் போனார்கள். அவர்களோடு பல கம்பெனிகளும் மூழ்கின.

லண்டன் வழக்கு

இந்தப் பின்னணியில்தான் 1905-இல் லண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி, உணவுக் கலப்படச் சட்டத்தின் கீழ் மதுக்கடைக்காரர்கள் மீது வழக்குப் போட்டது. குற்றச்சாட்டு எளிது. விஸ்கி கேட்டவருக்கு, விஸ்கி அல்லாத ஒன்றைக் கொடுத்தார்கள். எடுத்த மாதிரியில் பத்தில் ஒன்பது பங்கு தானியச் சாராயம், ஒரு பங்குதான் மால்ட்.

டப்ளினின் பெரிய வடிசாலைக்காரர்கள் பல ஆண்டுகளாக இதைத்தானே சொல்லி வந்தார்கள்! அவர்கள் இந்தச் சாராயத்துக்கு வைத்த பெயர் ‘ஊமைச் சாராயம்’. எந்தத் தானியத்தில் வடித்தாலும் தன் பூர்வீகத்தைச் சொல்லாத ஊமை.

1906 பிப்ரவரியில் மாஜிஸ்ட்ரேட் நகராட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். தொடர் வாலையில் மக்காச்சோளத்தில் இருந்து வடித்தது விஸ்கி ஆகாது! ஸ்காட்லாந்தின் மொத்தக் கலப்பு வியாபாரமும் ஆடிப்போயிற்று. அந்தக் கணக்கில் பிரிட்டனில் விற்ற ஸ்காட்ச்சில் பெரும்பகுதி கலப்படம் என்றாகிவிடுமே. டிஸ்டில்லர்ஸ் கம்பெனி அப்பீலுக்குத் துணை நின்றது. அதோடு நிற்கவில்லை. கேம்பஸ் என்ற தன் வடிசாலையின் சுத்தமான தானிய விஸ்கியை, எதையும் கலக்காமல், பத்திரிகைகளில் விளம்பரம் செய்து விற்றது. ஒரு காலன் முழுவதிலும் ஒரு தலைவலிகூடக் கிடையாது என்பது விளம்பரத்தின் கருத்து. எங்கள் சரக்கு ஒளித்து வைக்க வேண்டிய ஒன்றல்ல என்று சொல்லும் துணிச்சல் அது.

அப்பீல் விசாரணை பல அமர்வுகள் நடந்தது. நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தார்கள். தீர்ப்பே இல்லை.

எனவே 1908-இல் அரசாங்கம் ராயல் கமிஷன் அமைத்தது. தலைவர் ஹெரிஃபோர்டின் லார்ட் ஜேம்ஸ். நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள். ரசாயன நிபுணர்கள், டாக்டர்கள், வடிசாலைக்காரர்கள், வியாபாரிகள். செம்பு வாலைச் சரக்கு உடம்புக்கு நல்லது, தூண் வாலைச் சரக்கு கெடுதல் என்று நிரூபிக்க முடிந்ததா? முடியவில்லை. 1909-இல் அறிக்கை வந்தது. தானியக் கூழை மால்ட்டின் நொதியால் சர்க்கரையாக்கி, புளிக்கவைத்து வடித்தால் அது விஸ்கி. அதை ஸ்காட்லாந்தில் வடித்தால் ஸ்காட்ச். எந்த வாலை என்ற நிபந்தனை கிடையாது. கலப்பில் குறைந்தபட்சம் இத்தனை பங்கு மால்ட் இருக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. மாஜிஸ்ட்ரேட் பறித்த பெயரைக் கமிஷன் தானிய விஸ்கிக்குத் திருப்பிக் கொடுத்தது.

அடுத்த விதி யுத்த காலத்தில் வந்தது. ஆயுதத் தொழிற்சாலைகளில் குடியால் வேலை கெடுகிறது என்று கவலைப்பட்ட அரசாங்கம், 1915-இல் புதுச் சாராயத்தை உடனே விற்கத் தடை போட்டது. முதலில் இரண்டு ஆண்டு, பிறகு மூன்று ஆண்டு கிடங்கில் இருந்தாக வேண்டும். குடியைக் குறைக்கப் போட்ட சட்டம், ஸ்காட்ச்சின் தரத்துக்கு அடையாளமாகிவிட்டது.

இன்றைய நிலை

ஸ்காட்லாந்தில் மால்ட் வடிசாலைகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. தானிய வடிசாலைகளை இரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஆனால் கேமரன்பிரிட்ஜ் ஒன்றே ஆண்டுக்கு 10 கோடி லிட்டருக்கு மேல் வடிக்கும் திறன் கொண்டது. மக்காச்சோளம் இறக்குமதி கட்டுப்படியாகாமல் 1980-களில் பெரும்பாலான ஆலைகள் கோதுமைக்கு மாறின. 2009-ஆம் ஆண்டு விதிகள்படி, 94.8 சதவீதத்துக்கு மேல் வீரியம் ஏறும்படி வடிக்கக்கூடாது. அதற்கு மேல் போனால் தானியத்தின் குணம் போய்விடும். 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே குறைந்தது மூன்று ஆண்டு இருக்க வேண்டும். பெரும்பாலும் அமெரிக்க விஸ்கி வைத்த பழைய பீப்பாய்கள்தான். ஆண்டுதோறும் சுமார் 2 சதவீதம் காற்றோடு போய்விடும். தேவதைகளின் பங்கு என்பார்கள்.

நம் நாட்டில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி நெடுங்காலமாகச் சர்க்கரை ஆலைகளின் மொலாசஸில் வடித்த எரிசாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. கொஞ்சம் மால்ட், நிறம், வாசனை சேர்ப்பார்கள். இப்போது உடைந்த அரிசி, மக்காச்சோளமும் உண்டு. நம் சட்டம் இதையும் விஸ்கி என்றே ஏற்கிறது, மூன்று ஆண்டு வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஐரோப்பாவில் மொலாசஸ் சரக்குக்கு அந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது. காரணம் வேறொன்றுமில்லை, தானியம் என்ற சொல்தான். 1909-இல் கமிஷன் வாலையைப் பற்றிக் கவலைப்படவில்லை, ஆனால் தானியத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆக, தானிய விஸ்கி கலப்படமா? என் கருத்தில் இல்லை. சாண்டர்சன் கலந்ததும் பாட்டிசன் கலந்ததும் ஒரே இரண்டு பொருள்கள்தான். ஒருவர் கலவையைத் தம் சொந்தப் பெயரில் விற்றார், மற்றவர் அதன் மேல் இன்னொன்றின் பெயரை ஒட்டினார். குற்றம் பீப்பாயில் இல்லை, லேபிளில்.

ஆனால் ஒரு குறை எனக்கு உண்டு. நம் ஊரில் காபித்தூள் பொட்டலத்தில் காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று அச்சடித்தே ஆக வேண்டும். நமக்கு அது பழகிப்போன விஷயம். ஆயிரக்கணக்கில் விலை போகும் கலப்பு ஸ்காட்ச் பாட்டிலில் மால்ட் எவ்வளவு, தானியம் எவ்வளவு என்று போடவேண்டிய கட்டாயம் இன்றும் இல்லை. கமிஷனின் முடிவு இஸ்லிங்டன் நகராட்சியின் வாதத்துக்கு எதிராகப் போயிருக்கலாம். வாங்குகிறவனுக்குத் தான் எதை வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும் என்று அது கேட்டதில் தப்பில்லை.

வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகளோ மருமகன்களோ யாருக்காவது பாட்டில் கொண்டுவந்தால், லேபிளைப் படித்துப் பாருங்கள். ‘சிங்கிள் மால்ட்’ என்றால் ஒரே வடிசாலையில் முழுக்க மால்ட்டில் வடித்தது. ‘சிங்கிள் கிரெய்ன்’ என்றால் ஒரே தானியம் என்று அர்த்தமில்லை, ஒரே வடிசாலை என்று அர்த்தம். உள்ளே பெரும்பாலும் கோதுமையும் மால்ட்டும் சேர்ந்தே இருக்கும். வெறும் ‘பிளெண்டட்’ என்றால் காஃபியின் வாரிசுகள் வடித்தது உள்ளே இருக்கிறது. 12 ஆண்டு என்று போட்டிருந்தால், அதில் உள்ள மிக இளைய துளிக்கும், அது தானிய விஸ்கியாகவே இருந்தாலும், 12 வயது ஆகியிருக்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் சட்டம் இரண்டுக்கும் பேதம் பார்ப்பதில்லை.